இருநூற்றுப் பன்னிரண்டும் ஒன்றும்

சிவபாதசுந்தரத்தின் உத்தியோகத்தின் பெயர் வோட்டர் சிஸ்டம்ஸ் ஒஃபிசர். அதைச் சொல்லும்போது 'சிஸ்டம்ஸ்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லுவார். கேட்கிறவர் அதற்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நிற்றல். வெள்ளவத்தையில் அவர் குடியிருக்கிற மாடிக் குடியிருப்பில் யாரும் கேட்கவும் இல்லை. வோட்டர் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் தண்ணீர்ச் சபை, சபை என்றால் அரசாங்கம், அரசாங்கம் என்றால் பென்சன் என்று அவர்களே மளமளவென்று முடிவு கட்டிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

மறுக்காததற்குக் கைமேல் பலன் கிடைத்தது. இரண்டாம் மாடி பலீல் ஹாஜியார் ஒருநாள் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதென்று முறைப்பாட்டோடு ஏறி வந்தார். "சேர், நீங்க தண்ணி ஒஃபிஸ்ல பெரிய எடத்துல இருக்கீங்களாமே" என்றார். சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மொட்டை மாடித் தொட்டியில் மிதவை ஒட்டிக்கொண்டிருக்கும், போய்த் தட்டிவிடச் சொல்லுங்கள் என்றார். தட்டிவிட்டார்கள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் எது சொட்டினாலும் ஆள் அனுப்புவது நாலாம் மாடிக்குத்தான். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜெகதீஸ்வரி, அவருடைய மனைவி, கோயிலில் அரைச் சாண் நிமிர்ந்து நடந்தாள்.

இனி அந்த உத்தியோகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மனுசன் தானாகச் சொல்லமாட்டார்.

ஹெந்தளையில், ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலுக்குப் பக்கத்தில், ஏ முதல் எஃப் வரை எழுத்துப் பெயரிட்ட ஆறு கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. சில்வர் லகூன் ஒஃபிஸ் பார்க் என்று வாசலில் ஆளுயர எழுத்தில் போட்டிருக்கும். 'பார்க்' என்ற சொல்லை நம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பாயும் சோற்றுப் பார்சலுமாகக் குடும்பங்கள் வந்து, ஊஞ்சல் எங்கே என்று காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போவதுண்டு. ஒரு காலத்தில் அங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வேலை செய்தார்கள். இங்கிலாந்துக்காரரின் குறைகளைத் தொலைபேசியில் கேட்கிற கம்பனி ஒன்று, அவுஸ்திரேலியாக்காரருக்குக் கணக்கெழுதுகிற கம்பனி ஒன்று, உடுப்பு ஏற்றுமதி, மென்பொருள் என்று கட்டடம் நிறைய ஆட்கள். இரண்டாயிரத்து இருபது மார்ச்சில், இரண்டு கிழமைக்குத்தானே என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போனவர்கள் வீட்டில் இடுப்பில் சாரத்தோடு இருந்தும் வேலை செய்யலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களைத் திரும்பக் காற்சட்டைக்குள் கொண்டுவர எந்தக் கம்பனியாலும் முடியவில்லை. பிறகு பெற்றோல் இல்லாத வருசம் வந்தது. பிறகு அவர்களில் பாதிப்பேர், அதுவரை தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருந்த நாடுகளுக்கே விமானம் ஏறிவிட்டார்கள். கம்பனிகள் ஒவ்வொன்றாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயின.

சிவபாதசுந்தரம் கணக்கெழுதுகிற கம்பனியில் நிர்வாக அலுவலராக இருந்தவர். கதிரை வாங்குவது, கடதாசி வாங்குவது, ஊழியர்களின் பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் பண்ணுவது அவருடைய வேலை. கம்பனி போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் ஓர் ஆணைக் கொழும்பில் யாரும் புதிதாக வேலைக்கு எடுப்பதில்லை. பார்க்கின் மனேஜர் ரிஸ்கான், நல்ல பையன், அவரை மட்டும் இருக்கச் சொன்னான். என்ன வேலை என்று அப்போது அவனுக்கே தெரியாது.

வேலை தானாக வந்தது, வாசத்தோடு. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த பீ கட்டடத்தை வாடகைக்குப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே ஏழு அடி வைத்தவர்கள் எட்டாவது அடியை வெளியே வைத்தார்கள். எலி செத்திருக்கும் என்று இரண்டு நாள் தேடினார்கள். எலி இல்லை. கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து செபஸ்தியன் என்ற பிளம்பரைக் கூட்டிவந்தார்கள். அவர் மூக்கைச் சுளிக்கவே இல்லை. எல்லோரையும் ஒரு கக்கூசைச் சுற்றி நிற்கவைத்து வகுப்பெடுத்தார்.

"சேர், அடியில ஒரு வளைவு இருக்கு. அதுல தண்ணி நிக்குற வரைக்கும்தான் நமக்கு மரியாத. ஆள் போகல்லன்னா தண்ணி காஞ்சிரும். தண்ணி காஞ்சா, கீழ உள்ளதெல்லாம் மேல வரும்."

பரிகாரம் சுலபமானது. கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொரு கக்கூசிலும் தண்ணீர் அடித்துவிட வேண்டும். கைகழுவுகிற இடத்திலும் தரைக் குழியிலும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ரிஸ்கான் கட்டட வரைபடத்தை விரித்து எண்ணினான். கக்கூஸ் மாத்திரம் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணி முடித்தவன் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது அங்கே நின்றவர்களில் வேறு வேலையில்லாத ஒரே ஆள் சிவபாதசுந்தரம். பையன் கூச்சப்பட்டு, மரியாதைக்காக அந்த இடத்திலேயே ஒரு பதவியை உண்டாக்கி, கடிதமும் அடித்துக் கொடுத்தான். வோட்டர் சிஸ்டம்ஸ் ஒஃபிசர் பிறந்தது இப்படித்தான்.

எந்த வேலையைக் கொடுத்தாலும் அட்டவணை போடாமல் தொடங்கமாட்டார் சிவபாதசுந்தரம். ஆறு கட்டடம், ஆறு நாள். ஒவ்வொரு மாடியிலும் முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள் பக்கம். முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டி. கழுத்துப்பட்டியின் நுனியைத் தோளுக்கு மேலால் பின்னே எறிந்துவிடுவார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, சப்பாத்துக்கு மேல் ஷொப்பிங் பேக் கட்டிக்கொள்வார். முக்கியமாகக் குடை. தண்ணீர்ப் பொத்தானை அவர் கையால் தொட்டதில்லை. குடையின் நுனியால் அமத்துவார். மழைக்காலம், கோடைகாலம் என்றில்லாமல் வருசம் முழுக்க இந்த மனுசன் ஏன் குடையோடு போகிறார் என்று குடியிருப்பில் கேட்டால், தண்ணீர் ஒஃபிஸ்காரருக்கு மழை வருவது முன்னமே தெரியும் என்று சொல்வார்கள்.

கட்டடத்துக்குள் அவரும் சத்தமும்தான். மேசைகளில் இருபதாம் ஆண்டு மார்ச் மாதம் இன்னும் முடியாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமை பீட்சா, பெயர் கொடுங்கள் என்று பலகையில் யாரோ எழுதி, நாலு பேர் பெயரும் கொடுத்திருந்தார்கள். டீ கட்டடத்தின் தானியங்கிக் கதவு, வாய்க்காலிலிருந்து வருகிற கபரக்கொய்யா என்ற பெரிய உடும்புக்கு மரியாதையாகத் திறக்கும், சிவபாதசுந்தரத்துக்குத் திறக்காது. அவர் முன்னால் நின்று குடையை ஆட்ட வேண்டும். மூன்றாம் மாடியில் தொடங்கி ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டு போக, பின்னால் ஒவ்வொன்றாக முழங்கி அடங்கும். அந்த முழக்கத்தில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் சொல்கிறேன், இருந்தது. செய்தால் யாருக்கும் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும். அப்படிப்பட்ட வேலை அது. நாலு வருசமாக அந்த ஆறு கட்டடத்திலும் ஒரு மூலையிலும் மணம் இல்லை.

அப்படியானால் வீட்டில் சொல்ல என்ன தடை? தடை பழையது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாண நகரத்தில் வாளிக் கக்கூஸ் இருந்தது. மலம் நிறைந்த வாளியை எடுக்க வருகிறவர் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையால் வந்து அந்த ஒழுங்கையாலேயே போவார். முன் வாசலால் அவர் வந்ததை யாரும் கண்டதில்லை. பத்து வருசம் வந்தார், அந்த வீட்டில் ஒருவருக்கும் அவருடைய பெயர் தெரியாது. சிவபாதசுந்தரத்துக்கும் தெரியாது. தெரியாது என்பது இப்போது, குடையோடு நிற்கும்போது, சில நாட்களில் ஞாபகம் வரும். அவர் அடுத்த பொத்தானை அமத்திவிட்டுப் போய்விடுவார். ஊரை விட்டு முப்பது வருசமாகியும், சாதி பார்ப்பதில்லை என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்கொண்டும், அந்த ஒழுங்கையை மட்டும் மனுசன் நெஞ்சுக்குள் கட்டிக் காத்து வைத்திருந்தார். ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்தால் அவளுடைய முகம் எப்படி மாறும் என்பதுதான் அவருடைய பெரிய பயம். குடியிருப்புக்குத் தெரிந்தால் வேறு வீடு பார்க்கலாம். அவளுக்குத் தெரிந்தால் எங்கே போவது?

ஆகவே தடயம் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று கவனமாக இருந்தார். கவனம்தான் அவரைக் கவிழ்த்தது. சீ கட்டடத்தில், சைக்கிளில் வருகிற ஊழியர்களுக்கென்று ஒரு குளிக்கும் அறை கட்டியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அங்கே தலையோடு குளிப்பார். உடுப்புக் கம்பனி விட்டுப்போன ஐந்து லீற்றர்க் கான்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் கைகழுவுகிற சவர்க்காரத் தண்ணீர் நிறையக் கிடந்தது. ரோசாப்பூ வாசம். அதைத் தாராளமாகப் பூசிக் குளித்து, தலைவாரி, கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்.

இப்போது ஜெகதீஸ்வரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு மனுசன் காலையில் சந்தனச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறார். பின்னேரம் போனதைவிடத் துப்புரவாக, தலை ஈரத்தோடு, ரோசாப்பூ வாசத்தோடு திரும்பி வருகிறார். ஒருநாள் இருநாள் இல்லை, வருசக் கணக்காக. ஒஃபிசில் ஏசி பழுது, வியர்த்தது, குளித்தேன் என்கிறார். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே மூக்கில் ஏதோ பட்டுக்கொண்டிருந்தது. மெல்பேர்னில் இருக்கிற மகள் யதுஷாவுக்கு வட்ஸ்அப்பில் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். மகள், 'அப்பாவுக்கா?' என்று கேட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள். ஜெகதீஸ்வரிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தன் மனுசனை வேறொருத்தி விரும்பமாட்டாள் என்று மகள் நினைப்பதையும் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, காற்சட்டையைத் தோய்க்கப் போடும்போது பொக்கட்டில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது.

அந்தக் கொப்பி சிவபாதசுந்தரத்தின் பெருமை. நாளுக்கு நாள் எந்தெந்தக் கட்டடத்தில் எத்தனை முடிந்தது, எது பழுது என்று மணிமணியான எழுத்தில் குறித்து வைத்திருந்தார். ஒரேயொரு குறை. தன்னுடைய கொப்பியில், தான் மட்டும் பார்க்கிற கொப்பியில், கக்கூஸ் என்ற சொல்லை எழுத அவருக்குக் கை வரவில்லை. மலசலகூடம் என்று எழுதலாம், அதுவும் வரவில்லை. அந்தச் சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒன்றும் போடாமல் விட்டிருந்தார். மிஞ்சியதை ஜெகதீஸ்வரி சலவை மெசினில் சாய்ந்துகொண்டு வாசித்தாள்.

'திங்கள். ஏ. பெண்கள் 18. எல்லாம் திருப்தி.'

'புதன். சீ. பெண்கள் 17. ஒன்று பூட்டியிருந்தது. தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை.'

'வியாழன். டீ. மூன்றாம் மாடிப் பெண்கள் 6. நாலாவது பெரிய சத்தம் போடுது. செபஸ்தியனைக் கூட்டிவந்து காட்டவேண்டும்.'

'வெள்ளி. ஈ. பெண்கள் 18. ஒரு தரம் போதவில்லை. ஆண்கள் பக்கம் நேரமில்லை, நாளைக்குப் பார்ப்போம்.'

'சனி. குடை மறந்துபோனேன். கையால்.'

அவள் கொப்பியை மூடி, திரும்பத் திறந்து, இன்னொரு தடவை வாசித்தாள். ஒரு ரோசாப்பூக்காரியைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். பதினெட்டுப் பேரை எதிர்பார்க்கவில்லை. கடைசி வரியில் குடை எதற்கு என்பதுதான் அவளை எல்லாவற்றையும்விடக் குழப்பியது. கொப்பியைக் காயப்போட்ட உடுப்புக்கு நடுவில் கிடந்ததுபோல வைத்து, அவர் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள். இரண்டு நாளும் அவருக்கு வழமைபோலத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ரோசாப்பூ மணக்கிறபோதெல்லாம் மூச்சை அடக்கினாள். வியாழக்கிழமை வந்தது. வியாழன் டீ, மூன்றாம் மாடி, நாலாவது. அவர் போய் இரண்டு மணித்தியாலம் கழித்து, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்தாள்.

வெள்ளவத்தையிலிருந்து ஹெந்தளைக்கு ஓட்டோவில் போகிறவர்கள் யாரும் இல்லை. சாரதி வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து விலாசம் சரிதானா என்று கேட்டான். அவள் காலி வீதி முழுவதும் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தாள். முதலில் அழுவதில்லை. முதலில் பதினெட்டுப் பேரின் பெயரையும் கேட்பது. பிறகு யதுஷாவுக்கு அங்கேயே நின்று போன் எடுப்பது. பேலியகொடைப் பாலம் கடக்கும்போது ஒத்திகை நன்றாக வந்துவிட்டது, அவளுக்கே கண் கலங்கியது.

வாசலில் காவலாளி கதிரையை விட்டு எழுந்து நின்றான். நாலு வருசத்தில் வேலைநாளில் சேலை கட்டிய யாரும் அந்த வாசலால் வந்ததில்லை. அவள் தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், சுந்தரம் மாத்தயா எங்கே என்று கேட்டாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இந்த நேரம் மாத்தயா டீ கட்டடத்தில் பெண்கள் பக்கம் நிற்பார், பெண்கள் பக்கம் முடிந்தால்தான் மற்றப் பக்கம் போவார், ஒரு நாளும் தவறமாட்டார், நல்ல மனுசன் என்று மனதாரப் புகழ்ந்தான். ஜெகதீஸ்வரி டீ கட்டடத்தை நோக்கி நடந்தாள். தானியங்கிக் கதவு அவளுக்கு உடனே திறந்தது.

உள்ளே ஒரு மனுசர் இல்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது கண்ணாடிக்குப் பின்னால் கதிரைகளும் திரைகளும் தூசியுமாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். எவ்வளவு பெரிய இடம், எப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கோபத்துக்குள்ளும் அவளுக்கு மனம் பதைத்தது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினபோது மேலே ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் இரைந்து அடங்கிற்று. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பிறகு ஏதோ ஒன்று நீளமாக ஊளையிட்டது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஓடினாள்.

பெண்கள் என்று படம் போட்டிருந்த கதவைத் தள்ளினாள். கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால், காற்சட்டை முழங்காலில், சப்பாத்துக்கு மேல் ஷொப்பிங் பேக், கையில் குடை. முப்பத்தொரு வருசமாக அவளோடு வாழ்கிற மனுசன் ஐந்தாவது கதவுக்குள் குனிந்து நின்றார்.

"ஆர் உள்ளுக்க?" என்றாள்.

ஒருவரும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை. ஆறு கதவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஆறும் பளிச்சென்று இருந்தன. கொப்பி எங்கே என்று கையை நீட்டினாள். அவர் பொக்கட்டிலிருந்த கொப்பியை எடுத்துக் கொடுத்தார். அவளுக்குக் கொப்பி எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவருக்கு ஓடவில்லை. அவள் பக்கத்தைப் புரட்டி, நாலாவது எது என்று கேட்டாள். அவர் குடையால் நாலாவதை அமத்திக் காட்டினார். அது பெரிய சத்தம் போட்டது.

ஜெகதீஸ்வரி சிரிக்கத் தொடங்கினாள். கைகழுவுகிற மேடையில் ஏறி உட்கார்ந்து, கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். 'தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை' என்று வாசித்துவிட்டுச் சிரித்தாள். 'கையால்' என்று வாசித்துவிட்டு விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். சிவபாதசுந்தரம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு முடிந்தபிறகு வரப்போகிற முகத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நாலு வருசமாகப் பயந்த முகம் அது.

சிரிப்பு முடிந்தது. ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டாள். ஏன் கொப்பியில்கூடக் கக்கூஸ் என்று எழுதவில்லை என்று கேட்டாள்.

"எழுத வரேல்லையப்பா," என்றார். "கக்கூஸ் கழுவுறவன்ர மனுசி எண்டு உம்மை ஆரும் சொல்லிப்போட்டா நான் எப்பிடித் தாங்குறது?"

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். அவருடைய கையிலிருந்த குடையை வாங்கி, நுனியைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள்.

"நீங்கள் எங்க கழுவுறியள்? குடையால பட்டன் அமத்துறியள். கழுவுறது வேற."

அவர் தலையாட்டினார். அதில் ஓர் ஆறுதல் இருக்கிறதென்றும் நினைத்தார், பாவம்.

"எங்கட வீட்டில ஒண்டு இருக்கே," என்றாள். "அதை ஆர் கழுவுறது?"

இந்தக் கேள்விக்கு விடை தனக்குத் தெரியும் என்பதும், விடையைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை என்பதும் ஒரே நேரத்தில் அவருக்கு விளங்கின.

"முப்பத்தொரு வருசமா நீங்கள் கக்கூஸ் கழுவுறவளின்ர மனுசன். உங்களுக்கு ஒரு நாளாவது வெக்கமா இருந்ததோ?"

இருக்கவில்லை. அதுதான் உண்மை, அதைச் சொல்ல முடியாது. வெட்கப்பட்டதில்லை என்று சொன்னால் பெருமைபோல இருக்கும். வெட்கப்படாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, அது அவர் கண்ணிலேயே பட்டதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நம்பர் போட்டு, நாள் போட்டு, பழுது குறித்து வைத்த மனுசன், வீட்டிலிருக்கிற ஒன்று எப்படி ஒவ்வொரு நாளும் வெள்ளை வெளேரென்று இருக்கிறதென்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சிவபாதசுந்தரத்துக்கு அப்போது வந்த வெட்கம், அவர் இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். இன்றைக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்றாள். இங்கே பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கமும் கீழ் மாடிகளும் எல்லாம் சேர்த்து இருபத்தொன்பது என்றார். அவள் ஆறாவதைக் கையாலேயே அமத்திவிட்டு, கீழ் மாடியில் பெண்கள் பக்கத்தைத் தான் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேர் செய்ததில் அன்று டீ கட்டடம் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. அவர் குளிக்கப் போகவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தார்கள், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். கோட்டை தாண்டியபின், அந்தப் பூட்டியிருந்த ஒன்றைப் பிறகு திறக்க முடிந்ததா என்று அவள் கேட்டாள். செபஸ்தியன் வந்து திறந்தார் என்றார்.

வெள்ளியும் சனியும் அவர் வேலைக்குப் போய் வந்தார். வீட்டில் அந்தப் பேச்சு வரவில்லை. அவள் வழமைபோலத் தேத்தண்ணி கொடுத்தாள். அவரால் அதை வழமைபோலக் குடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். ஜெகதீஸ்வரி மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிரஷ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருசம். அவள் திரும்பிப் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் என்றாள். போத்தல்? ஜன்னல் தட்டில். எவ்வளவு ஊற்றுவது? ஊற்றிப் பத்து நிமிசம் விட்டுப் பிறகு தேய்க்க வேண்டும், விளிம்புக்கு உள்ளேயும் தேய்க்க வேண்டும் என்றாள். அவர் அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வீட்டை வரைந்தவர் எவரோ, முன்கதவுக்கு நேரெதிரே கக்கூசை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காற்றுக்காக முன்கதவு விரியத் திறந்திருக்கும். மீன் வாங்கப் போகிறவர், மொட்டை மாடிக்கு உடுப்புக் காயப்போடப் போகிறவர் என்று மாடிப்படி முழுக்க ஆள் நடமாட்டம். சிவபாதசுந்தரம் மெல்லப் போய், உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தினார். கொண்டி விழுகிற சத்தம் குசினிக்குக் கேட்டது.

ஜெகதீஸ்வரி புளிக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"கதவைத் திறந்து வச்சுக் கழுவுங்கோ," என்றாள், மாடிப்படிக்குக் கேட்காத குரலில். "நான் ஒரு நாளும் சாத்தினதில்லை."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. படியில் யாரோ இருமிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. அவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கொண்டி கழன்றது.